ஐந்து கம்பி, ஐந்து கட்டை: அந்தப் பழைய ராக் கிட்டார் சத்தம் எங்கிருந்து வருகிறது?

கையில் கிட்டார் இருந்தால், மேலே படிப்பதற்கு முன் அதன் ஆறாவது கம்பியைக் கழற்றிவிடுங்கள். ஆறாவது என்றால் எல்லாவற்றிலும் தடித்தது. தூக்கிப் போட வேண்டாம். சுருட்டி ஒரு காகித உறையில் போட்டு வையுங்கள், பிறகு தேவைப்படும். இப்போது மிச்சம் ஐந்து கம்பிகள். ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற ஆங்கில ராக் குழுவின் கிட்டார் கலைஞர் கீத் ரிச்சர்ட்ஸ் 1960களின் கடைசியில் செய்தது இதைத்தான். அதற்குப் பிறகு அவர் வாசித்துப் பேர் வாங்கிய பாட்டுகள் பலவற்றில் அவர் கையில் இருந்தது ஐந்து கம்பி கிட்டார்தான்.

இதை எழுதக் காரணம் எங்கள் பக்கத்து வீட்டுத் தம்பி. ப்ளஸ் டூ முடித்துவிட்டுக் கல்லூரி திறக்கக் காத்திருக்கிறான். 1981இல் வந்த ரோலிங் ஸ்டோன்ஸின் 'ஸ்டார்ட் மீ அப்' பாட்டு அவனைப் பிடித்துக்கொண்டது. அதன் தொடக்கத்தில் கிட்டார் மட்டும் தனியாக வெட்டி வெட்டி வரும் அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டிருக்கிறான். ஒரு நாள் சாயங்காலம் மாடிக்கு வந்தான்.

"அண்ணே, அதே கார்டுதாண்ணே பிடிக்கிறேன். ஆனா அந்த சவுண்டு வர மாட்டேங்குது. கிட்டாரையே மாத்தணுமா? இல்ல பெடல் ஏதாச்சும் வாங்கணுமா?"

கார்டு என்றால் பல ஸ்வரங்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிப்பது. பெடல் என்றால் கிட்டாரின் ஒலியை மாற்றும், காலால் அழுத்தும் பெட்டி. அவன் காசு சேர்த்து வைத்திருந்தான். நல்லவேளை, செலவு செய்வதற்கு முன் கேட்டான். அவன் வயதில் இதே கேள்வியோடு ஒரு வருடம் சுற்றியவன் நான். பதில் கிட்டாரிலும் இல்லை, பெடலிலும் இல்லை. கம்பிகளை எந்தச் சுருதியில் கட்டியிருக்கிறோம் என்பதில் இருக்கிறது. எனக்கு அது பிடிபட்டது ஒரு கிட்டார் வாத்தியாரிடம் அல்ல, மதுரை சிம்மக்கல்லில் வீட்டிலேயே பிள்ளைகளுக்கு வயலின் சொல்லித்தரும் என் அத்தையிடம். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் அடிப்படை. ஆறு கம்பி கிட்டாரை உலகம் முழுக்கப் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் சுருதி சேர்க்கிறார்கள். தடித்த கம்பியிலிருந்து மெல்லிய கம்பி வரை ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. இதுதான் ஸ்டாண்டர்ட் ட்யூனிங். கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் ஃப்ரெட்டுக்கு வீணைக்காரர்கள் மெட்டு என்பார்கள். அந்தச் சொல்லையே நானும் வைத்துக்கொள்கிறேன். ஒரு மெட்டு ஏறினால் அரைஸ்வரம் ஏறும். ஸ்டாண்டர்ட் ட்யூனிங்கில் ஒரு கம்பிக்கும் அடுத்த கம்பிக்கும் இடையே ஐந்து அரைஸ்வரம். ஜி கம்பிக்கும் பி கம்பிக்கும் நடுவில் மட்டும் நான்கு. கை அதிகம் நகராமல் எல்லாச் சுருதியிலும் கார்டும் பிடிக்க வேண்டும், ஸ்வர வரிசையும் வாசிக்க வேண்டும் என்பதற்காகச் செய்துகொண்ட ஏற்பாடு இது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் எந்த விரலும் வைக்காமல் ஆறு கம்பியையும் ஒரு தடவை மேலிருந்து கீழே மீட்டிப் பாருங்கள். காதுக்கு மோசமாக இருக்காது, ஆனால் எங்கேயும் போய் உட்காராது. கேள்வி கேட்டுவிட்டுப் பாதியில் நிறுத்திய மாதிரி இருக்கும்.

அத்தையின் வயலினில் அப்படி இருக்காது. வில்லை வைத்து நான்கு கம்பியையும் வரிசையாக இழுத்தால் ச, ப, ச, ப. கச்சேரிக்கு முன்னால் கேட்கும் அந்த நிறைவு அங்கேயே வந்துவிடும். மேற்கத்திய முறையில் வயலினுக்கு ஜி, டி, ஏ, ஈ என்று சுருதி. ஒவ்வொரு கம்பியும் முந்தைய கம்பிக்குப் பஞ்சமம். முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன் அதைக் கற்றுக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார். பின்னாளில் இங்கே நமக்குத் தெற்கே எட்டயபுரம் சமஸ்தானத்தில் வித்வானாக இருந்தவர். நம் இசைக்கு அந்தச் சுருதி ஒத்துவரவில்லை. கருவி அப்படியே இருக்க, கம்பிகளின் சுருதியை மாற்றிவிட்டார்கள். வேறு நாட்டுக் கருவி நம் பாட்டைப் பாடத் தொடங்கியது அப்படித்தான்.

ஆல்டர்நேட் ட்யூனிங், மாற்றுச் சுருதி என்று கிட்டார்காரர்கள் சொல்வதும் இதே காரியம்தான். அதைப் புதிதாக எதிலிருந்தோ தொடங்க வேண்டியதில்லை, நம் வீட்டு வயலினிலேயே இருக்கிறது என்று எனக்குப் புரிந்த அன்று கிட்டார் வேறு கருவியாகத் தெரிந்தது.

சரி, கழற்றிய கிட்டாருக்கு வருவோம். ஐந்து கம்பிகளில் இரண்டை மட்டும் மாற்றப் போகிறோம். ஐந்தாவது கம்பியை ஏயிலிருந்து ஜிக்கு இறக்குங்கள். முதல் கம்பியை ஈயிலிருந்து டிக்கு இறக்குங்கள். இரண்டும் இரண்டு அரைஸ்வரம் இறங்குகின்றன. நடுவில் இருக்கும் டி, ஜி, பி மூன்றும் அப்படியே இருக்கட்டும். இப்போது தடித்த கம்பியிலிருந்து ஜி, டி, ஜி, பி, டி. இதற்கு ஓப்பன் ஜி என்று பெயர். ஓப்பன் என்பது ஏன் என்றால், விரலே வைக்காமல் மீட்டினாலும் முழு ஜி மேஜர் கார்டு கேட்கும்.

இதை நம் கணக்கில் சொல்கிறேன், மனதில் நிற்கும். ஜியை சட்ஜமாக வைத்துக்கொண்டால் அந்த ஐந்து கம்பிகள் ச, ப, ச, க, ப. காந்தாரம் அந்தர காந்தாரம். ஜி என்பது ஹார்மோனியத்தில் ஐந்து கட்டை. பெண்கள் பலர் பாடும் சுருதி. அதனால் உங்களிடம் சுருதி காட்டும் ட்யூனர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. வீட்டில் சுருதிப்பெட்டி இருந்தால் ஐந்து கட்டையில் வைத்து அதோடு சேர்த்துவிடலாம். போனில் தம்பூரா ஆப் இருந்தால் அதுவே போதும். எதுவும் இல்லையா? மூன்றாவது கம்பி ஜி. அதை மீட்டிவிட்டு ஐந்தாவது கம்பியை மெதுவாக இறக்குங்கள். இரண்டும் நெருங்கும்போது ஒலி அலை அலையாக அடிக்கும். அலை மெதுவாகி, நின்று, இரண்டும் ஒன்றாகும் இடம்தான் ஜி. அதே மாதிரி நான்காவது கம்பியின் டியோடு முதல் கம்பி சேர வேண்டும்.

இறக்கும்போது ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். வேண்டிய சுருதிக்குக் கொஞ்சம் கீழே போய்விட்டு, அங்கிருந்து மேலே ஏற்றி நிறுத்துங்கள். கீழே இறக்கிய இடத்திலேயே விட்டால் முறுக்காணியில் இருக்கும் தளர்வு பிறகு நழுவி, பாதிப் பாட்டில் சுருதி இறங்கிவிடும். கம்பியைக் கழற்றி, இறக்கி முடித்ததும் கழுத்தின் மேல் இருந்த மொத்த இழுப்பும் குறைந்திருக்கும். அதனால் தொடாத கம்பிகள்கூடக் கொஞ்சம் ஏறியிருக்கும். இரண்டாவது சுற்று, சில சமயம் மூன்றாவது சுற்றும் பார்க்க வேண்டும். நம் ஊர் வெயிலில் இன்னொன்றும் உண்டு. உலோகம் சூட்டில் விரியும், கம்பி தளரும், சுருதி இறங்கும். சித்திரை மாதத்தில் மொட்டை மாடி அறையில் வாசிப்பவருக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. மின்விசிறிக்கு அடியில் கால் மணி நேரம் கிட்டாரை வைத்துவிட்டுப் பிறகு சேருங்கள்.

இப்போது 'ஸ்டார்ட் மீ அப்'. ஐந்தாவது மெட்டில் ஆள்காட்டி விரலைக் குறுக்கே படுக்க வையுங்கள், ஐந்து கம்பியும் அதற்கு அடியில் வர வேண்டும். மீட்டுங்கள். அது சி கார்டு. ஒரே விரல். அந்த விரலை எடுக்காமல், நடுவிரலை இரண்டாவது கம்பியில் ஆறாவது மெட்டிலும், மோதிர விரலை நான்காவது கம்பியில் ஏழாவது மெட்டிலும் வையுங்கள். மீட்டுங்கள். இது அடியில் சி நிற்கும் எஃப் கார்டு. இரண்டு விரலையும் எடுத்தால் மறுபடி சி. வைத்தால் எஃப். எடுத்தால் சி. மூன்று நான்கு தடவை செய்து பாருங்கள். சிரிப்பு வரும், ஏனென்றால் அந்தச் சத்தம் அங்கேயே இருக்கிறது. அப்படியே கையை மூன்றாவது மெட்டுக்கு இறக்கி இதையே செய்தால் பி ஃப்ளாட்டும் ஈ ஃப்ளாட்டும். பாட்டின் முதுகெலும்பு அவ்வளவுதான்.

தம்பிக்கு வராமல் போனது ஏன் என்று இப்போது பார்க்கலாம், இந்தக் கட்டுரையில் எனக்கு மிகப் பிடித்த இடம் இது. ஐந்தாவது மெட்டில் ஒரு விரலால் பிடித்த அந்த சி கார்டில் இருக்கும் ஸ்வரங்கள், தடித்த கம்பியிலிருந்து, சி, ஜி, சி, ஈ, ஜி. அதே ஐந்தையும் அதே உயரத்தில் ஸ்டாண்டர்ட் ட்யூனிங்கிலும் பிடிக்கலாம். மெட்டுகள் 3, 5, 5, 5, 3. தம்பி பிடித்ததும் அதுதான், அதனால்தான் "அதே கார்டு" என்றான். சரியாகத்தான் சொன்னான். சிக்கல் அடுத்த கார்டில். ஓப்பன் ஜியில் 5, 7, 5, 6, 5 என்று விழும் அந்த எஃப், ஸ்டாண்டர்டில் 3, 7, 5, 6, 3 என்று விழும். மூன்றிலிருந்து ஏழு வரை ஐந்து மெட்டுகளுக்குக் கை விரிய வேண்டும், நான்கு விரலும் வேலைக்கு வர வேண்டும், அதையும் பாட்டு முழுக்க வைத்து எடுத்து, வைத்து எடுத்துச் செய்ய வேண்டும். முயன்றால் ஒரு தடவை பிடிக்கலாம். அந்தத் துள்ளல் வராது. மாற்றியது வெளிப்பக்கத்து இரண்டு கம்பிகளை மட்டும். அவை இரண்டு அரைஸ்வரம் இறங்கியதால் வளைந்து கிடந்த கார்டு நேர்க்கோடாகிவிட்டது. ஒரு விரல் அதைப் பார்த்துக்கொள்ள, மற்ற விரல்களுக்கு வேலை குறைந்து விளையாட இடம் கிடைத்தது.

ஸ்வரமாகப் பார்த்தால் இன்னும் அழகு. சியை சட்ஜமாக வையுங்கள். முதல் கார்டு ச, ப, ச, க, ப. இரண்டாவது ச, த, ச, ம, ப. உள்ளே இருக்கும் பஞ்சமம் தைவதத்துக்கும், காந்தாரம் மத்யமத்துக்கும் ஒரே நேரத்தில் ஏறி இறங்குகின்றன. அடியில் சட்ஜம் அசைவதே இல்லை. நாதஸ்வரக்காரர் என்ன ஜாலம் செய்தாலும் பக்கத்தில் ஒத்து ஊதுபவர் அந்த ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டு நிற்பார் அல்லவா, அது மாதிரி. ஆறாவது கம்பியைக் கழற்றச் சொன்னதும் இதற்காகத்தான். ஓப்பன் ஜியில் ஆறாவது கம்பி இருந்தால் அதை டிக்கு இறக்கியிருப்போம். அப்போது எல்லாவற்றுக்கும் அடியில் பஞ்சமம் வந்து நிற்கும். மீட்டும்போதெல்லாம் கார்டு கலங்கலாகக் கேட்கும். அதை எடுத்துவிட்டால் அடியில் சட்ஜம். கண்ணை மூடிக்கொண்டு ஐந்து கம்பியையும் அடிக்கலாம், தப்பான கம்பி என்று ஒன்று இல்லை.

இந்தச் சுருதியை கீத் ரிச்சர்ட்ஸ் கண்டுபிடிக்கவில்லை. அமெரிக்காவின் தென்பகுதியில் ப்ளூஸ் வாசித்த கறுப்பினக் கலைஞர்கள் அவருக்கு வெகு காலம் முன்பே இதில் வாசித்தார்கள். அவர்களிடையே இதற்கு ஸ்பானிஷ் ட்யூனிங் என்று பெயர். ஐந்து கம்பி பாஞ்சோவின் சுருதியும் இதற்கு நெருங்கிய உறவு. கண்ணாடிப் பாட்டிலின் கழுத்தை வெட்டி விரலில் மாட்டிக்கொண்டு கம்பியின் மேல் வழுக்கி வாசிப்பார்கள். விரலே வைக்காமல் முழுக் கார்டு கேட்டால்தானே அப்படி வழுக்க முடியும்? நம் கோட்டு வாத்தியத்தில் மெட்டே இல்லாமல் மரக் கட்டையை வழுக்கி வாசிப்பதைக் கேட்டவர்களுக்கு அந்த ஏக்கக் குரல் புதிதாக இருக்காது.

சரி, அத்தை. நான் ஓப்பன் ஜியில் சேர்த்து முடித்து, ட்யூனரில் ஐந்து கம்பிக்கும் பச்சை விளக்கு எரிந்த பெருமையில் அவரிடம் மீட்டிக் காட்டினேன். அவர் வயலினைத் துடைத்துக்கொண்டே கேட்டார். முகம் கொஞ்சம் சுருங்கியது.

"எல்லாம் சரிதான்டா. காந்தாரம் மட்டும் ஏன் இம்புட்டு ஏறி நிக்குது?"

"இல்லத்தை, ட்யூனர்ல கரெக்டா காட்டுது."

"அது காட்டும். காது என்ன சொல்லுதுன்னு பாரு."

அவர் தம்பூரா ஆப்பைப் போட்டு, சட்ஜம் மட்டும் ஒலிக்கும் இடத்தில் உற்றுக் கேட்கச் சொன்னார். சட்ஜக் கம்பியின் உள்ளிருந்து, யாரும் மீட்டாமலே, மெல்லிசாக ஒரு காந்தாரம் எழும். சுயம்பு காந்தாரம் என்பார்கள். கம்பி ஒரு வேகத்தில் மட்டும் அதிர்வதில்லை. அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு, ஐந்து மடங்கு வேகத்திலும் சேர்ந்தே அதிரும். அந்த ஐந்தாவது மடங்குதான் நம் காதில் அந்தர காந்தாரமாக விழுகிறது. இயற்கை கொடுக்கும் காந்தாரம் அது. கிட்டாரின் மெட்டுகளும் ட்யூனரும் பின்பற்றுவது வேறு கணக்கு. ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சமப் பங்காக வெட்டியது. ஒரு அரைஸ்வரத்தை நூறு சென்ட் என்று பிரித்தால், ட்யூனர் காட்டும் காந்தாரம் இயற்கைக் காந்தாரத்தைவிட ஏறக்குறைய 14 சென்ட் மேலே நிற்கும். அத்தையின் காதில் பட்டது அந்த 14 சென்ட்.

அதனால் ஓப்பன் ஜியில் சேர்த்த பிறகு, இரண்டாவது கம்பியை, அதாவது பியை, ஒரு துளி இறக்குங்கள். ஐந்து கம்பியும் ஒன்றாக ஒட்டிக்கொண்டு, கிட்டாரின் உடம்பு முழுக்க அதிர்வதை வயிற்றில் உணர்வீர்கள். ஆனால் முழு 14 சென்ட் இறக்க வேண்டாம். எஃப் கார்டுக்குப் போகும்போது அதே இரண்டாவது கம்பிதான் மத்யமத்தைத் தர வேண்டும். அளவுக்கு மீறி இறக்கியிருந்தால் அங்கே மத்யமம் சோர்ந்து விழும். ட்யூனரில் ஐந்தாறு சென்ட் கீழே காட்டும் இடத்தில் நான் நிறுத்துகிறேன். இரண்டு கார்டும் சண்டை போடாமல் இருக்கும். வெறும் கம்பியை மட்டும் வைத்து, சுருதிக்காக வாசிக்கும்போது முழுக்க இறக்கிக்கொள்ளலாம்.

இறக்கிய கம்பிகளில் இன்னொரு மாற்றமும் நடக்கிறது. இரண்டு அரைஸ்வரம் இறக்கினால் கம்பியின் இழுவிசை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும். ஐந்தாவது கம்பி வினாடிக்கு 110 முறை அதிர்ந்துகொண்டிருந்தது, இப்போது 98 முறை. தளர்ந்த கம்பி அகலமாக ஆடும், மெட்டில் லேசாக உரசும், மீட்டும் பிக் பட்டவுடன் சுருதி ஒரு நொடி மேலே போய் இறங்கும். அந்தப் பதிவுகளில் கேட்கும் ஒருவிதக் கரகரப்பில் இதற்கும் பங்கு உண்டு. ஆனால் மிக மெல்லிய கம்பி போட்டிருந்தால் சொதசொதவென்று ஆகிவிடும். முதல் கம்பியின் தடிமன் 9 என்று தொடங்கும் செட்டுக்குப் பதில் 10 அல்லது 11இல் தொடங்கும் செட் வாங்குங்கள்.

சுருதி சரி, கார்டு சரி. மிச்சம் இருப்பது பதிவின் சத்தம். இங்கேதான் நம் ஆட்கள் பணத்தைக் கொட்டுகிறார்கள், நான் வேகமாகக் கடந்துவிடப் போகிறேன். மின் கிட்டார் என்றால், கம்பியின் அதிர்வை மின்னாக மாற்றும் பிக்கப்புகளில் பிரிட்ஜ் பக்கத்தில் இருப்பது. ஆம்ப் சின்னதாக இருந்தாலும் போதும், ஒலி உடையத் தொடங்கும் எல்லை வரை ஏற்றுங்கள், அதைத் தாண்ட வேண்டாம். ஒலியை உடைத்துக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனை அள்ளிப் போட்டால் இந்தச் சுருதியின் அழகு முழுவதும் அதற்குள் மூழ்கிவிடும். அப்புறம் அடி. கார்டு எவ்வளவு முக்கியமோ, அடித்தவுடன் கையால் அதை அமுக்கி நிறுத்தும் இடைவெளியும் அவ்வளவு முக்கியம். தவில் வாசிப்பவர் எங்கே அடிக்காமல் விடுகிறார் என்று கவனியுங்கள், புரியும்.

அந்தப் பாட்டின் கதையையும் சொல்ல வேண்டும். முதலில் அதை ஜமைக்கா நாட்டு இசையான ரெகே தாளத்தில் பலமுறை பதிவு செய்து பார்த்தார்கள். ராக்காக வாசித்தது மிகக் கொஞ்சம். அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டார்கள். சில ஆண்டுகள் கழித்து 1981 ஆல்பத்துக்காக ஒலிப்பதிவாளர் கிறிஸ் கிம்ஸி பழைய டேப்புகளைத் துழாவியபோதுதான் அது வெளியே வந்தது. நியூயார்க்கின் பவர் ஸ்டேஷன் ஸ்டுடியோவில் பாப் க்ளியர்மவுண்டன் மிக்ஸ் செய்தார். அந்த ஸ்டுடியோவின் குளியலறையில் ஒலியை எழுப்பி, அங்கே எதிரொலிப்பதை மைக்கில் பிடித்துச் சேர்த்தார்கள். டைல்ஸ் பதித்த குளியலறை நம் வீட்டிலும் இருக்கிறது. தரை நன்றாகக் காய்ந்திருக்கும்போது கிட்டாரோடு உள்ளே போய் வாசித்து, போனை வாசலில் வைத்துப் பதிவு செய்யுங்கள். மின் இணைப்புள்ள ஆம்பை மட்டும் உள்ளே கொண்டுபோக வேண்டாம், ஈரமும் கரண்டும் சேரக் கூடாது. ஆம்ப் அறையிலேயே இருக்கட்டும், வாசித்துப் பதிவு செய்ததைச் சார்ஜரில் செருகாத ப்ளூடூத் ஸ்பீக்கரில் குளியலறைக்குள் ஓடவிட்டு மறுபடி பதியுங்கள்.

இதே குழு 1968இல் 'ஸ்ட்ரீட் ஃபைட்டிங் மேன்' பாட்டுக்குச் செய்தது இன்னும் எளிது. கேட்டால் பெரிய மின் கிட்டார்கள் இரைகிற மாதிரி இருக்கும். பேஸ் கிட்டாரைத் தவிர அதில் மின் கிட்டார் கிடையாது. ஓப்பன் ட்யூனிங்கில் சேர்த்த அக்கூஸ்டிக் கிட்டாரை ஒரு சின்ன பிலிப்ஸ் கேசட் ரெக்கார்டரில், அது தாங்காத அளவுக்கு நெருக்கமாக வைத்துப் பதிவு செய்தார்கள். மைக் திணறி ஒலி நொறுங்கியது. அந்த நொறுங்கலை ஸ்பீக்கரில் போட்டு ஸ்டுடியோ டேப்பில் ஏற்றினார்கள். பெட்டிக்கடை ரேடியோவில் கேட்கிற மாதிரி ஒரு கரகரப்பு, அதையே பாட்டின் உயிராக்கிவிட்டார்கள். தம்பியிடம் இதைச் சொன்னபோது பெடலுக்குச் சேர்த்த காசை எண்ணிப் பார்ப்பது போல ஒரு நிமிடம் சும்மா இருந்தான்.

மாற்றுச் சுருதிகள் ஓப்பன் ஜியோடு முடிவதில்லை. ஓப்பன் ஈ என்று ஒன்று உண்டு, மூன்று கம்பிகளை மேலே ஏற்ற வேண்டும். ஏற்றும்போது இழுவிசை கூடும். இரண்டு அரைஸ்வரத்துக்குக் கால் பங்குக்கு மேல் கூடும், அக்கூஸ்டிக் கிட்டாரில் கம்பி அறுந்து முகத்தில் அடிக்கலாம். அதற்குப் பதில் அதையே இரண்டு அரைஸ்வரம் கீழே, ஓப்பன் டியாகச் சேர்த்துக்கொண்டு எல்லாக் கம்பியையும் அமுக்கிப் பிடிக்கும் கேப்போவை இரண்டாவது மெட்டில் மாட்டுங்கள், அதே ஒலி. ஒன்பது வயதில் போலியோ வந்து இடது கை பலவீனமான பாடகி ஜோனி மிட்செல், கடினமான கார்டுகளைப் பிடிக்க முடியாததால் தனக்கென்று எத்தனையோ சுருதிகளை உருவாக்கிக்கொண்டார். தொழிற்சாலை விபத்தில் இரண்டு விரல்நுனிகளை இழந்த, ப்ளாக் சாபத் குழுவின் டோனி அயோமி, கம்பி மென்மையாக வேண்டும் என்று சுருதியைக் கீழே இறக்கினார். 1971இல் வந்த அவர்கள் ஆல்பத்தில் சில பாட்டுகளில் மூன்று அரைஸ்வரம் இறங்கியிருக்கும். ஹெவி மெட்டலின் இருட்டு அங்கிருந்து வந்தது.

ஆனால் இரண்டாவதாக நீங்கள் பழக வேண்டிய சுருதி எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன், டி, ஏ, டி, ஜி, ஏ, டி. இதற்கு ஆறாவது கம்பி வேண்டும், உறையில் போட்டு வைத்ததை எடுத்து மாட்டுங்கள். ஸ்டாண்டர்டிலிருந்து ஆறாவது, இரண்டாவது, முதல் கம்பிகளை இரண்டு இரண்டு அரைஸ்வரம் இறக்கினால் வந்துவிடும். 1960களின் தொடக்கத்தில் டேவி கிரஹாம் என்ற ஆங்கிலேயக் கலைஞர் இதைப் பிரபலமாக்கினார். லெட் செப்பலின் என்ற ராக் குழு 1975இல் வெளியிட்ட 'காஷ்மீர்' இந்தச் சுருதியில் அமைந்தது.

டியை, அதாவது இரண்டு கட்டையை சட்ஜமாக வைத்துப் பாருங்கள். ச, ப, ச, ம, ப, ச. காந்தாரம் இல்லை. சாதாரண காந்தாரமா அந்தர காந்தாரமா என்று கம்பிகள் சொல்லாததால், அந்த ஒலி சோகமா சந்தோஷமா என்று எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கும். தம்பூராவுக்கு வெகு அருகில் வந்துவிட்டோம். 'காஷ்மீர்' பாட்டின் அடிநாதமான பகுதியில் சட்ஜம் விடாமல் ஒலிக்க, உள்ளே ஒரு குரல் மட்டும் பஞ்சமத்திலிருந்து சுத்த தைவதம், சதுஸ்ருதி தைவதம், கைசிகி நிஷாதம் என்று அரைஅரை ஸ்வரமாகப் படியேறும். கிட்டார் மூன்று மூன்றாகப் போகும், டிரம்ஸ் நான்கு நான்காகப் போகும், பன்னிரண்டு எண்ணிக்கைக்கு ஒரு தடவை இரண்டும் சேரும். சதுஸ்ர தாளத்துக்கு மேல் திஸ்ரத்தில் பாடிக் கேட்டவர்களுக்கு அந்த இடம் வந்து சேரும்போது தலை தானாக ஆடும். கையால் நான்கு போட்டுக்கொண்டே வாயால் தகிட தகிட என்று சொல்லிப் பழகிவிட்டுப் பிறகு கிட்டாரை எடுங்கள், பாதி வேலை முடிந்திருக்கும்.

போன வாரம் தம்பி ஐந்து கம்பி கிட்டாரோடு சிம்மக்கல் வந்தான். அத்தை அவனைக் கார்டு எதுவும் பிடிக்க வேண்டாம் என்றார். "சும்மா அஞ்சு கம்பியையும் நிதானமா மீட்டிக்கிட்டே இருப்பா, அங்கிட்டு இங்கிட்டு கையக் கொண்டுபோகாத." அவர் வயலினை ஐந்து கட்டைக்குச் சேர்த்து மோகனம் தொடங்கினார். அந்தர காந்தாரமும் பஞ்சமமும் உள்ள ராகம், அவன் கம்பிகளில் இருக்கும் எல்லா ஸ்வரமும் அதில் உண்டு. கால் மணி நேரம் போயிருக்கும். நடுவில் ஒரு இடத்தில் அவர் வில்லை நிறுத்தி அவன் பக்கம் திரும்பினார்.

"தம்பி, ரெண்டாவது கம்பி. ஏறிப்போச்சு பாரு."

அவன் ட்யூனரைத் தேடாமல், காதைக் கிட்டாரில் சாய்த்து இறக்கத் தொடங்கினான்.